விதியைக் கேட்கலாம், விலங்கை அடைக்கலாமா?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, பால் வெட்டி, மங்குப் பாலைத் திரட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நீங்கள். ஓய்வெடுக்க வேண்டிய மாலைப் பொழுதை எனக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறேன்.

சென்ற முறை நான் இம்மண்டபத்திற்கு வந்தது டிங்கிக் காய்ச்சலைப் பற்றிப் பேசுவதற்காக. பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தபோது ஓர் இளைஞர் எழுந்தார். "ஐயா, கொசுவைப் பற்றிச் சொன்னீர்கள், சரி. என் தம்பி ஒரு மலைப்பாம்புக் குட்டி வளர்க்கிறான். காசு கொடுத்து வாங்கியது. யாரையும் கடித்ததில்லை. அதற்கு உரிமம் வேண்டுமாம்; இல்லையென்றால் அபராதமாம், சிறையாம். கோழிக்கும் பூனைக்கும் இல்லாத சட்டம் பாம்புக்கு மட்டும் எதற்கு? நம் வீட்டுக்குள் நாம் எதை வளர்த்தால் அரசாங்கத்துக்கு என்ன?" என்று கேட்டார். மண்டபம் முழுவதும் சிரித்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை.

நான் அன்று சொன்ன விடை, "சட்டம் அப்படித்தான் தம்பி" என்பதே. வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்விடை என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றவன் நான். கேள்வி கேட்ட மாணவனை, "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று உட்காரவைப்பது நல்லாசிரியனுக்கு அழகன்று. ஆகவே அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை இன்று சொல்ல வந்திருக்கிறேன். அந்த இளைஞரும் அவர்தம் தந்தையாரும் இன்றும் இங்கு அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். மகிழ்ச்சி.

சட்டம் சொல்வது என்ன?

தீபகற்ப மலேசியாவிலும் கூட்டரசுப் பிரதேசங்களிலும் இன்று நடைமுறையில் இருப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் எண் 716. அதற்கு முன் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. சபாவுக்கு 1997ஆம் ஆண்டிலும் சரவாக்குக்கு 1998ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட தனிச் சட்டங்கள் உண்டு. நம் பகுதியில் இச்சட்டத்தை நடத்தி வருவது பெர்ஹிலித்தான் என்று நாம் அழைக்கும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை.

இச்சட்டம் விலங்குகளை இரு பெரும் பட்டியல்களில் வைக்கிறது. முதலாவது, பாதுகாக்கப்பட்டவை. இவற்றைப் பிடிக்கவோ, வைத்திருக்கவோ, விற்கவோ உரிமம் வேண்டும். இரண்டாவது, முற்றாகப் பாதுகாக்கப்பட்டவை. இவற்றுக்கு அமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். நாம் ஊலார் சாவா என்று சொல்லும் மலைப்பாம்பு, பியாவாக் என்று சொல்லும் நீர் உடும்பு ஆகியவை முதற்பட்டியலைச் சேர்ந்தவை. அயல்நாட்டு இனங்கள் பலவும் இப்பட்டியல்களில் உண்டு.

இதற்குத் துணையாக 2008ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 686ஆம் எண் சட்டம், அருகிவரும் உயிரினங்களின் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1973ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் பல நாடுகள் கையெழுத்திட்ட சைட்டிஸ் என்னும் உலக உடன்பாட்டில் நம் நாடு 1977ஆம் ஆண்டு சேர்ந்தது. அந்த உடன்பாட்டை நிறைவேற்றுவதற்கான சட்டமே இது. முறையின்றி நாட்டுக்குள் வந்த பாம்பையோ ஆமையையோ ஒருவர் வைத்திருந்தால், விலங்கு ஒன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதமும், 7 ஆண்டு வரை சிறையும் இச்சட்டத்தின்படி விதிக்கப்படலாம்.

வனவிலங்குச் சட்டத்தின் தண்டனைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மேலும் கடுமையாயின. விலங்கின் வகைக்கும் குற்றத்தின் தன்மைக்கும் ஏற்பத் தண்டனை மாறும். மிகக் கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரையிலும், சிறை 15 ஆண்டு வரையிலும் செல்லக்கூடும். 10 லட்சம் வெள்ளி என்றால் எவ்வளவு? 2025ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 588 மாதம், அதாவது 49 ஆண்டு ஆகும். அந்தத் தந்தையார் அன்று ஏன் சிரிக்கவில்லை என்பது இப்போது விளங்கும்.

எதற்காக இந்தச் சட்டம்?

தண்டனை பெரிது என்பதால் மட்டும் ஒரு சட்டம் நியாயமாகிவிடாது. காரணம் இருக்க வேண்டும். நான் நான்கு காரணங்களைச் சொல்கிறேன். அவை சரிதானா என்பதை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

முதற்காரணம், காடு வெறுமையாவது. "ஊலார் சாவா நம் செம்பனைக் காட்டில் எத்தனையோ கிடக்கிறது, எலியைத் தின்று கொழுக்கிறது, அதற்கென்ன பஞ்சம்?" என்பீர்கள். உண்மைதான். இன்று பஞ்சமில்லை. ஆயினும் தென்கிழக்காசியாவிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் மலைப்பாம்புத் தோல்கள் ஏற்றுமதியாவதாக 2012ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியாயிற்று. கணக்கு வைக்காமல் எடுத்தால் எந்தக் களஞ்சியமும் தீரும்.

இதற்கு நாம் கண்ணால் கண்ட சான்று ஒன்று உண்டு. 2010, 2011ஆம் ஆண்டுகளில் தோக்கே பல்லிக்கு வந்த வெறியை மறந்திருக்கமாட்டீர்கள். எய்ட்ஸ் நோயை அது குணமாக்கும் என்று எவரோ கிளப்பிவிட்ட புரளியால், 300 கிராமுக்கு மேல் எடையுள்ள பல்லி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி தருவார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. பகலில் பால் வெட்டிய கைகள் இரவில் விளக்கேந்திப் பல்லி தேடின. அப்படியொரு மருத்துவக் குணம் இருப்பதற்குச் சான்றேதும் இல்லை என்று பிலிப்பீன்ஸ் அரசாங்கம் 2011ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. பணக்காரராகியவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. தூக்கம் கெட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டில் தோக்கே பல்லியும் உலக உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் ஏறிற்று. சுவரில் ஒட்டிக்கொண்டு சத்தமிடும் பல்லியைக்கூட உலக நாடுகள் கூடிக் காக்க வேண்டிய நிலை வந்தது.

இரண்டாம் காரணம், தப்பிய விலங்கு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ்சதுப்பு நிலம் உண்டு. மியன்மார், தாய்லாந்துப் பகுதிகளைச் சேர்ந்த மலைப்பாம்பை அந்நாட்டினர் செல்லப் பிராணியாக வாங்கினர். அது வளர்ந்து பெருத்தபோது வைத்துக்கொள்ள இயலாமல் சிலர் வெளியே விட்டனர்; சில தாமாகத் தப்பின. 2000ஆம் ஆண்டளவில் அவை அங்கே இனம் பெருக்கி நிலைத்துவிட்டன என்பது தெளிவாயிற்று. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, சாலையோரங்களில் முன்பு காணப்பட்ட ரக்கூன்களில் 100க்கு 99 குறைந்துவிட்டதாகக் காட்டிற்று. காட்டுப்பூனை இனம் ஒன்று 100க்கு 87 என்னும் அளவில் குறைந்திருந்தது. ஆசை தீர்ந்து கதவைத் திறந்துவிட்ட கைகள் சிலவே. காலியானது ஒரு காடு.

நம் ஊரிலும் இதன் சிறு வடிவம் உண்டு. காசளவு பச்சைக் குட்டியாக விற்கப்படும் சிவப்புக்காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. அது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும், "புண்ணியம்" என்று சொல்லிக் குளத்திலும் ஏரியிலும் விட்டுவிடுகிறோம். உலகின் மிகக் கொடிய 100 அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 1997ஆம் ஆண்டிலேயே அதன் இறக்குமதியை நிறுத்திவிட்டன. நம் ஆறுகளில் இயல்பாக வாழும் தூந்தோங் ஆமையோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதனைக் காக்கப் பேராக், போத்தா கானானில் பெர்ஹிலித்தான் ஒரு காப்பகம் நடத்துகிறது. ஒரு கையால் காத்து மறு கையால் பகையை விடுவது புண்ணியமாகுமா?

மூன்றாம் காரணம், நோய். 1999ஆம் ஆண்டில் அறிவியலார் விளக்கிய ஒருவகைப் பூஞ்சை, தவளைகளின் தோலைத் தாக்கி அவற்றைக் கொல்கிறது. 2019ஆம் ஆண்டின் கணக்குப்படி, இந்நோயால் 501 வகைத் தவளை, சாலமாந்தர் இனங்கள் நலிந்தன. அவற்றுள் 90 இனங்கள் அற்றே போயின என்று கருதப்படுகிறது. இந்நோய் கண்டம் விட்டுக் கண்டம் பரவ, உணவுக்காகவும் வளர்ப்புக்காகவும் நடந்த விலங்கு வாணிபம் வழிசெய்தது. இதேபோன்ற மற்றொரு பூஞ்சை 2013ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. அதற்கு அஞ்சிய அமெரிக்கா 2016ஆம் ஆண்டு 201 சாலமாந்தர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. கண்ணாடித் தொட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் தவளையால் என்ன கேடு என்று கேட்போருக்கு இதுவே விடை. அத்தொட்டித் தண்ணீரை நாம் எங்கே கொட்டுகிறோம்? வாய்க்காலில்தானே!

நான்காம் காரணம், நம் பிள்ளைகள். ஆமை, பல்லி, பாம்பு ஆகியவற்றின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இயல்பாகவே இருக்கக்கூடும். அவற்றுக்கு அதனால் துன்பமில்லை. தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். இக்காரணத்தாலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975ஆம் ஆண்டு தடைசெய்தது.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், வகுப்பின் இயற்கை மூலையில் ஒரு பெட்டி ஆமையை வைத்திருந்தேன். ஒரு மாணவன் வாய்க்காலோரம் கண்டெடுத்துக் கொண்டுவந்தது. உரிமம் வேண்டுமா என்று நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகள் அதைத் தொட்ட கையோடு பலகாரம் உண்டனர். எவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்றால் அது என் திறமையன்று, நல்லூழ். ஆமை மட்டும் பள்ளி விடுமுறைக்குள் இறந்துபோயிற்று. பல பத்தாண்டுகள் வாழக்கூடிய உயிர் அது. இயற்கையை நேசிக்கக் கற்பிப்பதாக எண்ணிக்கொண்டு நான் கற்பித்தது வேறொன்றை.

நியாயமான கேள்விகள்

தோழர்களே, காரணங்களைச் சொல்லிவிட்டேன். இத்துடன் பேச்சை முடித்தால் நான் பாதி உண்மையைச் சொன்னவன் ஆவேன். அன்று எழுந்த இளைஞரின் கேள்வியில் நியாயமான பகுதியும் உண்டு. அதையும் அவையில் வைக்கிறேன்.

முதலாவது, சட்டம் தெரியாதவன் அதற்கு எப்படிக் கட்டுப்படுவான்? பட்டியல்கள் மலாய்ப் பெயர்களிலும் அறிவியற் பெயர்களிலும் உள்ளன. நீர்நிலையோரம் திரியும் கரிய நீர் உடும்பும், காட்டுத் தரையில் பூச்சி தேடித் திரியும் பழுப்பு உடும்பும் நம் பேச்சில் ஒரே உடும்புதான். உலக உடன்பாட்டிலோ முன்னது இரண்டாம் பட்டியலில். பின்னது வாணிபமே கூடாத முதற்பட்டியலில். இந்த வேறுபாட்டை, படத்துடன், தமிழில், தோட்ட அலுவலகப் பலகையில் ஒட்டவேண்டியது யார் கடமை? என் போன்றோர் கடமை. இக்குறையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது, சிறியவருக்கும் பெரியவருக்கும் தராசு ஒன்றுதானா? 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஒரு பயணப்பெட்டி பட்டையில் ஓடுகையில் பூட்டு விட்டுத் திறந்துகொண்டது. உள்ளே தென்னமெரிக்காவைச் சேர்ந்த போவா பாம்புகள் 95. அதன் சொந்தக்காரர் பினாங்கிலிருந்து ஜக்கார்த்தாவுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு வணிகர். முதலில் அவருக்குக் கிடைத்த சிறை 6 மாதம். நாடெங்கும் எதிர்ப்பெழுந்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, உயர்நீதிமன்றம் அதை 5 ஆண்டாக உயர்த்திற்று. 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 17 மாதம் 15 நாளாகக் குறைத்து அவரை விடுவித்தது. நீதிமன்றத் தீர்ப்பை நான் குறை கூறவில்லை. ஆயினும் பெட்டி நிறையப் பாம்பு கடத்துபவரும், ஒற்றைப் பாம்பை அறியாமையால் வைத்திருக்கும் சிறுவனும் ஒரே கண்ணால் பார்க்கப்படலாமா என்று நீங்கள் கேட்டால், அது கேட்கத்தக்க கேள்வியே.

மூன்றாவது, பண்ணையில் பிறந்த விலங்கை வாங்கினால் காட்டுக்கு என்ன நட்டம்? முறையாக இனப்பெருக்கம் செய்வோரின் வாதம் இது. இதில் உண்மை உண்டு. ஆனால் ஏய்ப்பும் உண்டு. இந்தோனேசியாவிலிருந்து பண்ணைப் பிறப்பு என்ற பெயரில் ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளை 2011ஆம் ஆண்டில் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் 100க்கு 80க்குக் குறையாதவை காட்டில் பிடிக்கப்பட்டவை என்று கண்டனர். ஆகவே, "பண்ணைப் பாம்பு" என்று விற்பவன் சொல்லும் வாய்ச்சொல் போதாது, தாள் வேண்டும்.

நான்காவது, எது கூடாது என்னும் நீண்ட பட்டியலைவிட, எது கூடும் என்னும் குறும்பட்டியல் எளிதன்றோ? நம் அண்டை நாடாகிய சிங்கப்பூர் ஏறத்தாழ அவ்வழியில் செல்கிறது. சிவப்புக்காது ஆமை உள்ளிட்ட மிகச் சிலவற்றைத் தவிர, பாம்பு, பல்லி, உடும்பு எதையும் அங்கே வீட்டில் வளர்க்க இயலாது. வளர்ப்போருக்கு இது கடுமை. ஆனால் எழுத்தறிவு குறைந்தவருக்கும் விளங்கும். எம்முறை நமக்கு ஏற்றது என்பது பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

கேட்பதற்கும் வழியுண்டு

விதிகள் மனிதர் வகுத்தவை, மாற்றப்படக் கூடியவை. நார்வே நாட்டில் 1977ஆம் ஆண்டு முதல் ஊர்வன வளர்ப்பது தடையாக இருந்தது. வளர்க்க விரும்பியோர் விடாமல் கேட்டனர். 40 ஆண்டுக்குப் பின், 2017ஆம் ஆண்டில் அரசாங்கம் 19 இனங்களை மட்டும் அனுமதித்தது. அமெரிக்காவில் பெரும்பாம்புகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதற்கு மத்திய அரசு விதித்த தடையை, ஊர்வன வளர்ப்போர் சங்கம் நீதிமன்றத்தில் எதிர்த்தது. பழைய சட்டம் அத்தகைய அதிகாரத்தை அரசுக்குத் தரவில்லை என்று 2017ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரு வெற்றிகளும் மனுவாலும் வாதத்தாலும் வந்தவை.

இது நமக்குப் புதிதன்று. தோட்டப்புறத்தில் பிறந்த நமக்குக் கேள்வி கேட்கும் கலையை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்த காலம் முதல், சம்பளமும் வீடும் தண்ணீரும் மருந்தும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறப்பட்டவை. பெரியவர்கள் கூடினார்கள், எழுதினார்கள், பேச்சு வார்த்தைக்கு அமர்ந்தார்கள். கேட்கும்போது தங்கள் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள்.

உரிமத்துக்கு மனுச் செய்ய அலுவலகம் தொலைவு என்றால், தோட்டத்துக்கே அதிகாரி வந்து மனு வாங்க ஒரு நாள் ஒதுக்குமாறு மாநிலப் பெர்ஹிலித்தானுக்கு எழுதுங்கள். பட்டியல் தமிழில் வேண்டும் என்றால் சங்கக் கிளையின் வழியாகவும் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும் கேளுங்கள். நானும் என் பங்குக்கு எழுதுகிறேன். ஆனால் உரிமமில்லாத விலங்கை வீட்டில் அடைத்துவைத்துக்கொண்டு விதியைக் கேள்வி கேட்காதீர்கள். அப்போது உங்கள் வாதத்தை எவரும் கேட்கமாட்டார். வழக்கு எண்ணை மட்டுமே கேட்பர்.

நடைமுறைக்கு வேண்டிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன்.

கடையிலோ தொலைபேசி வழியாகவோ பாம்பு, ஆமை, உடும்பு, தவளை விற்பவர் எவராயினும், அவருடைய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள். நீங்களும் இணையத்தில், "விற்பனைக்கு" என்று படம் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தகைய விளம்பரத்தையும் குற்றமாக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு உறவினரைக் காணச் செல்வோர் திரும்புகையில் பிறர் தரும் பையைச் சுமக்காதீர்கள். அங்கு வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமைகள், நம் நாட்டுக்கு வரவிருந்த பெட்டிகளில் சென்னை விமான நிலையத்தில் பலமுறை சிக்கியிருக்கின்றன. 2019ஆம் ஆண்டு முதல் அவ்வாமை உலக உடன்பாட்டின் முதற்பட்டியலில் உள்ளது. அனுப்புகிறவன் வீட்டில் உறங்குவான். சுமந்தவர்தாம் கம்பிக்குள் இருப்பார்.

லயத்து வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் தடியைத் தூக்குமுன் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். 999 எண்ணை அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையினர் வருவர். அதைப் பிடித்துச் சாக்கில் கட்டி விலைபேசும் எண்ணம் வேண்டாம்.

ஏற்கெனவே உரிமமின்றி ஒரு விலங்கை வைத்திருப்பவர் அதைக் கொல்ல வேண்டாம். இரவோடு இரவாகச் செம்பனைக் காட்டிலோ குளத்திலோ விடவும் வேண்டாம். பெர்ஹிலித்தானின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1-800-88-5151. அழைத்து உண்மையைச் சொல்லுங்கள்.

இறுதியாக, அன்று கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு வார்த்தை. உன் தம்பி வைத்திருப்பது, நீ சொன்ன அடையாளத்தைக் கொண்டு பார்த்தால், பந்துபோல் சுருண்டுகொள்ளும் மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்பு என்று தோன்றுகிறது. அது கூண்டில் 20 ஆண்டுக்கு மேலும் உயிர் வாழும். உன் தம்பி நாளை வேலைக்குக் கோலாலம்பூர் போனால் அதற்கு எலி கொடுப்பது யார்? உன் தாயாரா? இதைக் கேட்க அரசாங்கம் தேவையில்லை, வீட்டிலேயே கேட்கலாம்.

உங்களுக்கு எந்த வழக்கும் வராது என்று வாக்களிக்க எனக்கு அதிகாரமில்லை. அதிகாரமில்லாத வாக்கை நான் கொடுக்கவும் மாட்டேன். ஆனால் தானாக முன்வந்து சொன்னவனையும் ஒளித்துவைத்துப் பிடிபட்டவனையும் ஒன்றாக வைக்க வேண்டாம் என்று எடுத்துச்சொல்ல எனக்கு வாயுண்டு. வருகிற திங்கட்கிழமை காலை மாநில அலுவலகத்துக்கு நான் செல்கிறேன். உன் தந்தையாரும் நீயும் வாருங்கள். வாங்கிய இடம், வாங்கிய நாள், கொடுத்த தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உரிமம் பெற வழியிருந்தால் முறையாகக் கேட்போம். இல்லையென்றால் முறையாக ஒப்படைப்போம். கேள்வி இருந்தால் அதையும் அங்கேயே, நாற்காலியில் அமர்ந்து, தலை நிமிர்ந்து கேட்போம்.

அன்று, "சட்டம் அப்படித்தான்" என்று சொல்லி உன்னை உட்கார வைத்ததற்காக இந்த அவையின் முன் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி இம்மண்டபத்தில் எழும் எந்தக் கேள்விக்கும் அவ்விடையைச் சொல்லமாட்டேன்.